சிவப்பு தெரியாத ஃபிலிம்

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் போய்த் தம்பிராஜா வீடு எது என்று கேட்டால், எந்தத் தம்பிராஜா என்று திருப்பிக் கேட்பார்கள். எக்ஸ்ரே தம்பிராஜா என்றால் போதும், வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மலாக்கா பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் அவருக்கு வேலை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்துவது வேறொருவர். அந்த ஃபிலிமை இருட்டறைக்குள் கொண்டுபோய், மருந்தில் கழுவி, எலும்பு எலும்பாக வெளியே எடுத்துவருவது தம்பிராஜா. ஊரில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டை அவர் பார்த்திருக்கிறார். கடைத்தெருவில் யாராவது முகம் கொடுக்காமல் போனால், இவனுடைய மூன்றாவது விலா கோணல் என்பது எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆறிப்போவார்.

சும்மா சொல்லக்கூடாது, கோபக்காரர். அதுவும் மனிதர்கள் மேல் வருகிற கோபத்தைவிடச் சாமான்கள் மேல் வருகிற கோபம்தான் அதிகம். சைக்கிள் செயின் கழன்றால் இரண்டு தடவை பொறுமையாக மாட்டுவார். மூன்றாவது தடவையும் கழன்றால் சைக்கிளையே வாய்க்காலில் தள்ளிவிட்டு நடந்து வீட்டுக்கு வருவார். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வாய்க்காலில் இறங்குகிறவரும் அவர்தான். ஒரு வேலை அரைகுறையாக நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் ருக்மணி. கல்யாணம் நாற்பத்தாறில், ஜப்பான்காரன் போன மறுவருஷம். அரிசியே தேடவேண்டியிருந்த காலத்தில் ஃபிலிமுக்கு எங்கே போவது? மாலை மாற்றிக்கொண்டார்கள், வந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள், படம் எடுக்கவில்லை. பிறகு ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. பிள்ளையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். கோகிலா பிறந்தாள். பல் முளைக்கட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், மொட்டை போட்ட தலையில் முடி வளரட்டும் என்றார்கள். ஐம்பத்தேழு ஆகஸ்டில் நாடு சுதந்திரம் வாங்கியது. அக்டோபரில் ருக்மணிக்கு நிமோனியா வந்தது. நாலே நாளில் போய்விட்டாள். வயது முப்பது.

அடையாள அட்டையில் அவள் படம் ஒன்று இருந்தது, தபால் தலை அளவில். சாவைப் பதியும்போது அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தம்பிராஜா சட்டப்படி கொடுத்துவிட்டு வந்தார். அதை முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நேரத்தில் எவனுக்குத் தோன்றும்? பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டு உட்கார்ந்தபோதுதான், இலைக்கு முன்னால் வைக்க ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. ஒரு செம்பில் தண்ணீர் வைத்துச் சமாளித்தார்கள். ஆஸ்பத்திரி அலமாரியில் அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே இருந்தது. தம்பிராஜாவே கழுவி எடுத்தது. இரண்டு நுரையீரலும் அதில் இருந்தன, முகம்தான் இல்லை.

கோகிலாவுக்கு அப்போது இரண்டு வயது. பக்கத்து வீட்டில் ருக்மணியின் அக்கா பூங்காவனமும் அவள் கணவன் மருதமுத்துவும் இருந்தார்கள். பிள்ளையைத் தூக்கி வளர்த்தது பூங்காவனம்தான். அதில் தம்பிராஜாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை பெற்றவள் முகம் தெரியாமலே வளர்ந்துவிடும் என்ற எண்ணம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அடுத்த ஜனவரியில் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை சொந்த ஊருக்குக் கிளம்பினார். துரைசானிக்குக் கேமராப் பைத்தியம். மலாக்காவில் தான் எடுத்த கலர் படங்களை எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நர்சுகள் கூடத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டி, சுவரில் கட்டில் விரிப்பைக் கட்டி, மெஷினில் ஒவ்வொரு ஸ்லைடாகப் போட்டுக் காட்டினார். ஆற்றில் படகு, மணிக்கூண்டு, மாம்பழக் கூடை என்று வந்துகொண்டிருந்தது. தம்பிராஜாவுக்குக் கொட்டாவி. சுதந்திரத்தன்று பண்டார் ஹிலிர் திடலில் எடுத்தது என்று சொல்லி அடுத்ததைப் போட்டார். சுவரில் ருக்மணி நின்றாள்.

ஆளுயரத்துக்கு நின்றாள். சிவப்புச் சேலை, நெற்றியில் சிவப்புப் பொட்டு. இடுப்பில் கோகிலா, பிள்ளையின் கையில் காகிதக் கொடி. பக்கத்தில் யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தம்பிராஜாவுக்கு டூட்டி. அக்கா தங்கை இருவரும்தான் திடலுக்குப் போயிருந்தார்கள். தம்பிராஜா எழுந்து நின்றுவிட்டார். தலை மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்னால் யாரோ முனகினார்கள். விஷயம் கூடம் முழுக்கப் பரவியது. துரைசானி அந்த ஸ்லைடை மெஷினிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். இதற்கு நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது, ஃபிலிமே இதுதான், பத்திரம் என்று சொன்னார்.

அட்டைச் சட்டத்துக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு ஃபிலிம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ருக்மணி தெரிவாள். கையை இறக்கினால் போய்விடுவாள். முகம் ஓர் உளுந்தளவு இருக்கும். பூங்காவனம் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை பார்க்கக் கையை நீட்டினாள்.

"கை படக்கூடாதுக்கா. தொட்டா போச்சு," என்று தம்பிராஜா வாங்கிக்கொண்டார். ஐப்பசியில் ஆண்டுத் திதி வரும். அதற்குள் இதைப் பெரிய காகிதப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட வேண்டும். ஒன்பது மாதம் இருக்கிறது, இது என்ன பெரிய வேலை என்றுதான் அவர் நினைத்தார்.

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை மாடியில் ஜெயபாலன் என்று ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். தம்பிராஜாவைவிட இளையவர், எதற்கும் அவசரப்படாத மனுஷன். ஸ்லைடை விளக்குக்கு எதிரே வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"இத அப்படியே பேப்பர்ல அடிக்க முடியாதுண்ணே. வெள்ள கறுப்பா வரும், கறுப்பு வெள்ளையா வரும். நெகட்டிவ் இருந்தாத்தான் படம் வரும். இது ஏற்கெனவே படம்."

"அடிச்சுத்தான் பாருங்களேன்."

"சொன்னாக் கேளுங்கண்ணே."

தம்பிராஜா சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. ஜெயபாலன் பெருமூச்சு விட்டுவிட்டு படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் ஸ்லைடைச் செருகி, காகிதத்தில் அடித்து, மருந்துத் தட்டில் போட்டார். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மெல்ல மெல்ல ஏறிவந்தது. முகம் கரிக்கட்டையாக, தலைமுடி பஞ்சாக. நரைத்துப்போன ஒரு கிழவி அங்கே சிரித்தாள். முப்பது வயதில் போனவளுக்கு வராத நரை அது. தம்பிராஜாவால் அதைப் பார்க்க முடியவில்லை. தட்டிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கையில் வடிந்த மருந்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"லண்டனுக்கு அனுப்பினா கலர்லயே பேப்பர்ல அடிச்சுக் குடுப்பாங்க," என்றார் ஜெயபாலன். "போக வர நாலு மாசம் ஆவும்."

"கப்பல் முழுகிட்டா?"

"எல்லாக் கப்பலுமாண்ணே முழுகுது?"

"இது போற கப்பல் முழுகினா போதும்."

ஆக, அனுப்பவில்லை. இதிலிருந்து ஒரு நெகட்டிவ் எடுக்க வேண்டும், அவ்வளவுதானே, நாள் முழுக்க ஃபிலிம் கழுவுகிறவனுக்கு இது தெரியாதா என்று ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஓரத்தில் வெளிச்சம் பட்டுக் கழித்துப் போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இருட்டறை சும்மாதான் கிடக்கும். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைப் பிளேடால் பிரித்து, வெறும் ஃபிலிமை வெளியே எடுத்து, எக்ஸ்ரே ஃபிலிமின்மேல் ஒட்டவைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி, ஒரு நொடி விளக்கைப் போட்டு அணைத்தார்.

முதல் தடவை ருக்மணிக்கு இரண்டு மூக்கு வந்தது. எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும் என்பதும், அடிப்பக்கத்து மருந்திலும் இன்னொரு படம் மங்கலாக விழும் என்பதும் பத்து வருஷமாக அதைத் தொட்டுப் புழங்கும் மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அவர் தன்னையே அதைக் கேட்டுக்கொண்டு சுவரில் குத்தினார். விரல் வீங்கியது. அடுத்த ஞாயிறு ஒரு பக்கத்து மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தார். மூக்கு ஒன்றானது. ஆனால் தூசி. ஸ்லைடில் ஒட்டியிருந்த ஒவ்வொரு தூசும் கன்னத்தில் ஒரு புள்ளியாக விழுந்தது, பெரிதாக அடித்தால் மிளகளவு கறுப்பாகத் தெரியும். ஊதினால் எச்சில் தெறித்தது, துணியால் தட்டினால் துணி நூல் ஒட்டியது. கோகிலாவின் பவுடர் டப்பாவிலிருந்த மெத்தையைக் கழுவிக் காயவைத்து, அதன் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். இதற்குள் நான்கு ஞாயிறு போயிருந்தது.

ஐந்தாம் ஞாயிறு, கன்னத்தில் ஒரே ஒரு புள்ளி தவிர, ஒரு நெகட்டிவ் சுத்தமாக வந்தது. ஓட்டமும் நடையுமாக ஜெயபாலனிடம் கொண்டுபோனார். ஜெயபாலன் அதை முக்கால் அடிக்குப் பெரிதாக அடித்தார். கண் இருந்தது, சிரிப்பு இருந்தது, பல் வரிசை இருந்தது. ஆனால் சேலை கறுப்பு. உதடு கறுப்பு. ருக்மணி பளிச்சென்ற நிறம், அந்த முகமும் இருண்டு கிடந்தது. நெற்றியின் நடுவில் ஆணி அடித்த ஓட்டை மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு.

"எக்ஸ்ரே ஃபிலிம்லயா எடுத்தீங்க?" என்றார் ஜெயபாலன். "அதுக்குச் செவப்பு தெரியாதேண்ணே. தெரியாததுனாலதான் அந்த ரூம்ல செவப்பு வெளக்கு போட்டுக்கிட்டு வேல செய்றீங்க."

பத்து வருஷமாக அந்தச் சிவப்பு விளக்கின் அடியில் நின்றவர் தம்பிராஜா. படத்தைத் தம்பிராஜா நாலாகக் கிழித்தார். நெகட்டிவைக் கிழிக்க முடியவில்லை, கெட்டி. அதை மேசைமேல் விட்டெறிந்துவிட்டுப் போனார். எதையும் தூக்கிப் போடும் வழக்கம் இல்லாத ஜெயபாலன் அதை எடுத்து மேசை டிராயரில் வைத்தார்.

சிவப்பும் தெரிகிற ஃபிலிம் உண்டு, அதைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார் ஜெயபாலன். வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியும் என்பதால் சிவப்பு விளக்கும் போடக்கூடாது. கும்மிருட்டில், கையால் தடவித் தடவிச் செய்ய வேண்டும். எது மருந்துப் பக்கம், எது வழுவழுப்புப் பக்கம் என்று உதட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இரண்டு ஃபிலிம் பக்கம் மாறி வீணாய்ப் போயின. ஒன்று தண்ணீரில் வழுக்கிச் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கியது. கடைசியில் சரியாக ஒன்று விழுந்தபோது, ஆஸ்பத்திரி மருந்திலேயே கழுவினார். அது எலும்புக்கான மருந்து. எலும்பை வெள்ளை வெளேரென்றும் மிச்சத்தைக் கன்னங்கரேலென்றும் காட்டுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. படத்தில் ருக்மணியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது. மூக்கும் இல்லை, சிரிப்பும் இல்லை, இரண்டு கண் மட்டும் இருந்தன.

"இதுக்கு மெதுவான மருந்து வேணும்ணே. தண்ணி கூட்டி, நேரம் கூட்டி, பதமா எடுக்கணும். ரொம்ப சூசாதான், கஷ்டமான வேல," என்றார் ஜெயபாலன். "வாங்க, எங்க இருட்டறையிலயே ரெண்டு பேருமா செய்வோம். இன்னும் ரெண்டு ஃபிலிம் இருக்கு. எப்ப வர்றீங்க?"

அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. அமாவாசை முடிந்து வருகிற ஞாயிறு என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மாத ஓட்டத்தில் அப்போதுதான் முதல்தடவையாகத் தம்பிராஜாவுக்கு இது நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அட்டை இல்லாத வெறும் ஸ்லைடை ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டு, பிள்ளைக்கு எட்டாது, எறும்பு வராது என்று சாமி மேடையில் வைத்தார். அந்த டப்பாவைத் தொடாதீர்கள் என்று பூங்காவனத்திடம் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. இந்த ஒன்பது மாதமும் அவர் யாரிடமும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. கோபப்படவே நேரம் சரியாக இருந்தது.

புரட்டாசி அமாவாசை. இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள். தம்பிராஜா காலை டூட்டிக்குப் போயிருந்தார். பூங்காவனம் விடியற்காலையிலேயே வந்து வீட்டைக் கழுவி, தங்கைக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பயற்றம்பருப்புப் பாயசமும் செய்து, இலை போட்டாள். போன தடவை செம்புத் தண்ணீரை வைத்துப் படைத்தது அவள் மனசில் முள்ளாக இருந்தது. இந்தத் தடவை தங்கையின் படம் வீட்டில் இருக்கிறது. இருந்தும், இருட்டு டப்பாவுக்குள் அடைந்து கிடக்கிறது. அவள் டப்பாவைத் திறந்தாள். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, குத்துவிளக்கின் அடியில் சாய்த்து வைத்தாள். இறந்தவர் படம் என்று வைத்தால் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் இலை போடுவது எந்த வீட்டில் உண்டு? அதுவும் சுமங்கலியாகப் போனவளுக்கு. நெற்றியைத் தேடிப் பார்த்து, சந்தனத்தைக் குழைத்து, விரல் நுனியால் ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். எவ்வளவு சின்னதாக வைத்தாலும் விரல் விரல்தான். பொட்டு ருக்மணியின் தலையிலிருந்து தோள் வரைக்கும் மூடியது.

மத்தியானம் தம்பிராஜா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். விளக்கடியில் இருந்ததைப் பார்த்தார்.

"யாரு வச்சது?"

"நாந்தான் தம்பி. அமாவாசையும் அதுவுமா பொட்டு இல்லாம எப்படி..."

அவள் முடிப்பதற்குள் அவர் அதை எடுத்துவிட்டார். எடுத்தவர் அப்படியே வைத்திருந்தால் கதை வேறு. கட்டைவிரலால் ஒரு துடை துடைத்தார். இன்னும் ஈரமாக இருந்த சந்தனம் வழித்துக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சேலை இருந்தது, பிள்ளை இருந்தது, பிள்ளை கையில் கொடி இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஓட்டை போட்டது போல் வெறும் வெளிச்சம் வந்தது.

"ஒங்க தங்கச்சிய ரெண்டாவது தடவ கொன்னுட்டீங்க," என்றார் தம்பிராஜா.

சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் பூங்காவனம் தாங்கியிருப்பாள், அவருடைய சத்தம் அவளுக்குப் பழக்கம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கோகிலாவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். போட்ட இலை போட்டபடி கிடந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் யாரும் சாப்பிடவில்லை. சாயங்காலம் மருதமுத்து மட்டும் வந்து வாசலில் நின்றான். "அவ படுத்துக் கெடக்குறா சகல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடை எடுத்துக்கொண்டு தம்பிராஜா ஸ்டுடியோவுக்குப் போனார். ஏதாவது செய்ய முடியும் என்று அல்ல, யாரிடமாவது புலம்ப வேண்டும் என்று. படிப்பில்லாத ஜனங்கள், எதைக் கண்டாலும் பொட்டு, எதைக் கண்டாலும் சூடம் என்று படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். ஜெயபாலன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஸ்லைடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு வச்சதுல ஒண்ணும் ஆவலண்ணே. தண்ணியில மெதக்க விட்டிருந்தா சந்தனம் தானா எறங்கிருக்கும். ஈரத்துல மருந்து ஊறி எளகியிருக்கும், அந்த நேரத்துல தொடக்கூடாது. இது தொடச்சதுல உரிஞ்சது. யாரு தொடச்சது?"

ஈரமான ஃபிலிமில் விரல் வைக்கக்கூடாது. இருட்டறையில் சேர்ந்த முதல் நாள் தம்பிராஜாவுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதற்குப் பிறகு சேர்ந்த எத்தனையோ பேருக்கு அவரே கத்திக் கத்திச் சொன்னதும் அதுதான்.

"நாந்தான்," என்றார்.

ஜெயபாலன் டிராயரைத் திறந்தார். அந்த எக்ஸ்ரே நெகட்டிவை எடுத்து மேசையில் வைத்தார். சேலை கறுப்பாய், உதடு கறுப்பாய், பொட்டு கறுப்பாய் வந்த அதே நெகட்டிவ். ருக்மணியின் முகம் இந்த உலகத்தில் இனி அதில் மட்டும்தான் இருந்தது.

"அடிங்க," என்றார் தம்பிராஜா. "எப்படி வருதோ அப்படியே அடிங்க."

வீட்டுக்கு வந்தவர் தன் வீட்டுக்குள் போகாமல் பூங்காவனத்தின் வாசலில் நின்றார். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அன்னிக்கி நான் சொன்னது தப்புக்கா. பொட்டு வச்சதுல ஒண்ணும் ஆவலியாம். தொடச்சதுலதான் போச்சு. தொடச்சது நான்."

பூங்காவனம் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றாள். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார்.

ஐப்பசியில் ஆண்டுத் திதி வந்தது. சட்டம் போட்ட படம் சுவரில் ஏறியது. வந்தவர்கள் நல்லா இருக்கு, அப்படியே ருக்மணி என்றார்கள். அப்படியே இல்லை என்பது தம்பிராஜாவுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் அப்படிச் சொல்லும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது மாதம் பாடுபட்டு, கடைசியில் தூக்கி எறிந்ததையே எடுத்து மாட்டியிருக்கிறார். கன்னத்துப் புள்ளிகளில் ஒன்று இன்னும் இருந்தது. வேறு எங்கும் பார்க்க முடியாமல் அவர் கண் அந்தப் புள்ளியிலேயே நின்றது.

படையல் போட்டாயிற்று. சந்தனக் கிண்ணம் இலைப் பக்கத்தில் இருந்தது. பூங்காவனம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். யாராவது வைக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"வைங்கக்கா. கண்ணாடி போட்டிருக்கு," என்றார் தம்பிராஜா.

அவள் வந்து வைத்தாள். சந்தனத்தின் மேல் குங்குமம் ஏறியதும் அந்தக் கறுப்பு ஓட்டை மறைந்தது. நெற்றி மட்டும் சிவந்தது. முகம் இருண்டது இருண்டதுதான்.

மருதமுத்து கோகிலாவைத் தூக்கிப் படத்துக்கு நேரே காட்டினான். "யாரு இது, சொல்லு பாப்போம்."

மூன்று வயதுப் பிள்ளை தயங்கவே இல்லை. "பெரியம்மா," என்றாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் நிறம்தான் வேறு, முகவெட்டு ஒன்று. அந்த நிறத்தைச் சிவப்பு தெரியாத ஃபிலிம் தின்றுவிட்டது. பிள்ளை பார்த்த பார்வையில் ஒரு தப்பும் இல்லை. "இல்லடா கண்ணு, அது ஒங்கம்மா," என்று பூங்காவனம் சொன்னாள். பிள்ளை மறுபடியும், "பெரியம்மாதான்," என்றாள்.

இப்போது தம்பிராஜா எதையாவது எடுத்து வீசப்போகிறார் என்று மருதமுத்து பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். தம்பிராஜா கையை நீட்டி மகளை வாங்கிக்கொண்டார்.

"பெரியம்மா மாதிரி இருக்கு, ஆனா பெரியம்மா இல்ல. இது அம்மா. இந்தச் சேல இருக்குல்ல, இது கறுப்பு இல்ல, செவப்பு. ஒதடும் இப்படிக் கறுப்பா இருக்காது. அப்பாவோட ஃபிலிமுக்குச் செவப்பு தெரியாது. அதனாலதான் இப்படி வந்திருச்சு."

கோகிலா யோசித்தாள். "அம்மா சிரிக்குதா?"

"ஆமா."

"ஏன் சிரிக்குது?"

தம்பிராஜாவுக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதமாக அந்தச் சிரிப்பை வெளிச்சத்தில் பிடித்து, இருட்டில் பிடித்து, பல் பல்லாகப் பார்த்தவர். ஏன் சிரித்தாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் அங்கே இல்லை. அவர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானக்கா கூட இருந்தீங்க. ஏன் சிரிச்சா?"

பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை இவ்வளவு நாளும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"தொரசானி பொட்டிய தூக்கிக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னாங்க. வெயிலு எங்க முதுகுப் பக்கம் இருந்துச்சு. தொரசானி இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, கண்ணாடிய தொடச்சு, மறுபடியும் பாத்து... அதப் பாத்துட்டு இவ சொன்னா, அக்கா, இந்நேரம் எங்க வீட்டுக்காரரு இங்க இருந்திருந்தா அந்தப் பொட்டியப் புடுங்கி வாய்க்கால்ல போட்ருப்பாரு, அப்புறம் சாங்காலம் வந்து அவரே எடுத்துக் கழுவித் தொடச்சு, தொரசானி வீட்டுல கொண்டுபோயிக் குடுத்துட்டு வருவாருன்னு. சொல்லிட்டு சிரிச்சா பாருங்க, நிக்கவே முடியல அவளுக்கு. அப்பத்தான் எடுத்தாங்க."

மருதமுத்து சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான். தம்பிராஜா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரை நினைத்துத்தான் அவள் அப்படிச் சிரித்திருக்கிறாள். கோகிலாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதார்.